ஐரிஷ் டீசல் எஞ்சின் மாடலுக்கு வண்ணம் மாற்றுவது எப்படி: 141 வகையை வைத்து முழுமையான வழிகாட்டி

டபுள்-ஓ அளவில் (உண்மையின் ஓர் அடிக்கு மாடலில் 4 மி.மீ.) ஓர் ஐரிஷ் டீசல் எஞ்சின் வாங்கிவிட்டீர்கள். கடையில் கிடைத்த வண்ணம் உங்கள் லேஅவுட்டின், அதாவது மாடல் ரயில் அமைப்பின், காலத்துக்குப் பொருந்தவில்லை. அதைப் பிரித்து, பழைய பூச்சை எடுத்து, சரியான வண்ணமும் எண்ணும் போட்டு மறுபடி ஓடவிடுவதற்கான வரிசைதான் இது.

எடுத்துக்காட்டாக அயர்லாந்தின் அரசுப் போக்குவரத்து நிறுவனமான சி.ஐ.இ.யின் 141 வகையை எடுத்துக்கொள்கிறேன். மர்ஃபி மாடல்ஸ் வெளியிட்ட மாடல் பலரிடம் இருக்கிறது என்பது ஒரு காரணம். இன்னொன்று, கஷ்டமான எல்லாமே இந்த ஒரு வண்டியில் இருக்கிறது. இரு முனையிலும் கேபின், நடுவில் எஞ்சினை மூடும் ஒடுங்கிய பானட், அதன் இரு பக்கமும் நடைபாதை, கைப்பிடிக் கம்பிகள், போதாததற்கு இரண்டு நிறம் சேரும் நீளமான கோடு. இதைச் செய்து முடித்தவருக்கு 121, 181, 071 போன்ற மற்ற ஐரிஷ் டீசல் வகைகள் எதுவும் பெரிய வேலையாகத் தெரியாது.

புதியவர்கள் ஏர்பிரஷ் பிடிப்பதில்தான் தடுமாறுவார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை அவர்கள் தடுமாறுவது வரிசையில்தான். பெயிண்ட் வாங்கிவிட்டு ஆண்டைத் தேடுகிறார்கள், டீக்கால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் எண், சின்னம்) ஒட்டிவிட்டு வார்னிஷைப் பற்றி யோசிக்கிறார்கள்.

1. முதலில் ஆண்டு, அப்புறம்தான் நிறம்

'சி.ஐ.இ. வண்ணம்' என்று ஒரே ஒரு வண்ணம் கிடையாது. நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஆண்டுதான் நிறம், எண், சின்னம், பின்னால் வரும் பெட்டி எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. ஆகவே ஒரு தாளில் ஒரே ஒரு ஆண்டை எழுதி வேலை மேசையில் ஒட்டிவிடுங்கள்.

141 வகையில் மொத்தம் 37 எஞ்சின்கள். ஜெனரல் மோட்டார்ஸ் கட்டிய இவை 1962 கடைசியில் வந்து இறங்கியபோது கருப்பும் டான் எனப்படும் பழுப்பும் கலந்த பூச்சில் இருந்தன. எண்ணுக்கு முன்னால் 'பி' என்ற எழுத்து உண்டு: பி141 முதல் பி177 வரை. 1972-இல் குளிர்சாதன வசதியுள்ள பயணிகள் பெட்டிகளோடு 'சூப்பர்டிரெயின்' ஆரஞ்சு வந்தது. ஆரஞ்சு உடல், அதில் கருப்புப் பட்டை. அதை ஒட்டிய காலத்தில் 'பி' எழுத்தும் போய், வெறும் எண் மட்டும் நின்றது. 1987 பிப்ரவரியில் ரயில் பிரிவு தனியாக 'இயர்ன்ரோட் ஏரன்' ஆனதும் சின்னம் மாறியது, ஆரஞ்சும் கருப்பும் சேரும் இடத்தில் வெள்ளைக் கோடும் வந்தது. மாடல்காரர்கள் இதை, எழுத்துப் பிழையை அழிக்கும் வெள்ளைத் திரவத்தின் பெயரால், 'டிப்பெக்ஸ்' வண்ணம் என்பார்கள்.

மேலே சொன்ன ஆண்டுகள் தொடக்கம் மட்டுமே. ஓர் இரவில் எல்லா எஞ்சினுக்கும் வண்ணம் மாறிவிடாது. டப்ளின் இன்சிகோர் பணிமனைக்குப் போகும் முறை வந்தபோதுதான் ஒவ்வொன்றும் மாறியது. அதனால் 1988-ஐத் தேர்ந்தெடுத்தால், கோடு போட்ட எஞ்சினையும் போடாத எஞ்சினையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தலாம். எனக்குப் பிடித்தது இந்த மாதிரி இடைக்கால ஆண்டுகள்தான். லேஅவுட்டில் எல்லாம் ஒரே பெயிண்ட் டப்பாவிலிருந்து வந்ததுபோல் இருக்காது.

அடிக்கடி பார்க்கும் தவறுகள்: இயர்ன்ரோட் ஏரனின் ஐ.ஆர். சின்னத்தோடு 'பி' எண். வெள்ளைக் கோட்டோடு பழைய சி.ஐ.இ. 'உடைந்த சக்கர' வட்டச் சின்னம். 1970-களின் ஆரஞ்சு 141 பக்கத்தில் புகைவிடும் சி.ஐ.இ. நீராவி எஞ்சின், சி.ஐ.இ.யின் வழக்கமான நீராவி ஓட்டம் 1963-லேயே முடிந்துவிட்டது. பழைய எஞ்சின்களைப் பாதுகாக்கும் ஆர்வலர் சங்கத்தின் சுற்றுலா ரயில் என்று சொல்லித் தப்பிக்கலாம், ஆனால் பின்னால் சரக்குப் பெட்டி மாட்டியிருந்தால் அதுவும் செல்லாது.

2. அந்த எண்ணின் படத்தைக் கண்டுபிடியுங்கள்

ஆண்டு முடிவானதும் ஓர் எஞ்சின் எண்ணைத் தேர்ந்தெடுங்கள். பிறகு அதே எண், அதே காலம், இரு பக்கம், முகப்பு என்று குறைந்தது மூன்று படம் சேருங்கள். வகையின் பொதுப் படம் போதாது. பட்டை எங்கே முடிகிறது, எண் கேபின் பக்கத்தில் எந்த உயரத்தில் இருக்கிறது, சின்னம் எவ்வளவு பெரியது என்பதெல்லாம் எஞ்சினுக்கு எஞ்சின் கொஞ்சம் மாறும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பாதுகாக்கப்பட்ட எஞ்சின்களைப் போய்ப் பார்ப்பது நல்லது. வடக்கே டவுன்பேட்ரிக் அருங்காட்சியக ரயில் பாதை போன்ற இடங்களில் சி.ஐ.இ. டீசல்களை அருகில் நின்று பார்க்கலாம். கம்பி எப்படி வளைகிறது, கிரில் எவ்வளவு ஆழம், போகியில் (சக்கரங்களைத் தாங்கும் அடிச்சட்டத்தில்) எந்தக் குழாய் எங்கே போகிறது என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் இல்லை. நிறத்துக்கு மட்டும் அதை நம்பாதீர்கள். அது பிற்காலத்தில் ஆர்வலர்கள் பூசியது. நீங்கள் தேடும் ஆண்டின் பூச்சு அல்ல.

பழைய வண்ணப் படங்களும் ஏமாற்றும். ஒரே எஞ்சின் ஒரு ஸ்லைடில் செங்கல் நிறமாகவும் இன்னொன்றில் மஞ்சளாகவும் தெரியும். படத்தில் உங்களுக்கு நிறம் தெரிந்த வேறொரு பொருளைப் பாருங்கள்: ஜல்லியின் சாம்பல், கார்டின் வெள்ளைச் சட்டை. அது நீலமாகத் தெரிந்தால் ஆரஞ்சும் தள்ளிப்போயிருக்கிறது என்று பொருள்.

டப்ளினைச் சேர்ந்த ஐரிஷ் ரெயில்வே ரெக்கார்ட் சொசைட்டி 1946 முதல் இயங்குகிறது. அதன் இதழ்களில் எந்த எஞ்சின் எங்கே ஓடியது என்ற குறிப்புகள் ஏராளம். எண்ணைத் தேர்ந்தெடுக்கும் முன் பழைய இதழ்கள் நாலைப் புரட்டிப் பாருங்கள்.

3. முழுப் பூச்சா, எண் மாற்றம் மட்டுமா

இந்தக் கேள்வியைப் பெரும்பாலானவர்கள் கேட்பதே இல்லை. கையில் இருக்கும் மாடல் சரியான வண்ணத்தில் வேறு எண்ணோடு இருந்தால், முழுவதும் உரிக்காதீர்கள். தொழிற்சாலைப் பூச்சு அளவுக்கு மெல்லிய பூச்சை வீட்டில் கொண்டுவருவது கஷ்டம்.

எண்ணை மட்டும் எடுக்க, வெள்ளை ஸ்பிரிட்டில் லேசாக நனைத்த இயர்பட்ஸால் எண்ணின் மேல் மட்டும் சிறு வட்டமாகத் தேயுங்கள். எழுத்து இளகியதும் பல்குத்தியால் மெதுவாகச் சுரண்டலாம். அழுத்தக் கூடாது. அடிப்பூச்சின் நிறம் பஞ்சில் ஏற ஆரம்பித்தால் உடனே நிறுத்துங்கள். தேய்த்த இடம் பளபளப்பாகத் தெரியும். கவலை வேண்டாம், கடைசி வார்னிஷில் அது மறைந்துவிடும். இந்த வழியில் போகிறவர்கள் நேராக 11-ஆம் பகுதிக்குப் போகலாம்.

4. தண்டவாள அகலத்தை இப்போதே தீர்த்துவிடுங்கள்

அயர்லாந்தின் பாதை அகலம் 5 அடி 3 அங்குலம், அதாவது 1600 மி.மீ. நம் ஊர் அகலப்பாதையைவிடச் சற்றுக் குறுகல், இங்கிலாந்தின் பாதையைவிட அகலம். டபுள்-ஓவில் ஓர் அடிக்கு 4 மி.மீ. என்பதால் மாடலில் 21 மி.மீ. வர வேண்டும். கடையில் கிடைக்கும் தண்டவாளம் 16.5 மி.மீ. நாலரை மில்லிமீட்டர் குறைகிறது.

சக்கரத்தை அகட்டப் போகிறீர்கள் என்றால் அதை வண்ணத்துக்கு முன்பே செய்யுங்கள். போகியின் பக்கச் சட்டத்தை உள்ளே சீவ வேண்டியிருக்கும். பூசிய பிறகு சீவினால் பூச்சு பெயரும். என்னைக் கேட்டால், முதல் எஞ்சினுக்கு 16.5-லேயே விட்டுவிடுங்கள். 141-இல் சக்கரங்கள் போகிச் சட்டத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கின்றன, பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியாது. முகப்பிலிருந்து பார்ப்பவருக்குத்தான் குறுகலாகத் தெரியும். 21 மி.மீ. போனால் தண்டவாளம், பாயிண்ட் (பாதை பிரியும் இடம்) எல்லாவற்றையும் நீங்களே கட்ட வேண்டும். அது வேறொரு பொழுதுபோக்கு.

5. வேலைக்கு முன் சேர்க்க வேண்டியவை

நடுவில் கடைக்கு ஓடினால் பூச்சுகளுக்கு இடையில் காயவிடும் நேரம் குழம்பும். ஆகவே இவை முதலிலேயே மேசையில் இருக்கட்டும்: 0.3 மி.மீ. முனையுள்ள ஏர்பிரஷும் அழுத்தத்தைக் குறைக்க முடிகிற கம்ப்ரசரும், வெளிர் சாம்பல் அல்லது வெள்ளை பிரைமர், ஆரஞ்சு, கருப்பு, அடர் சாம்பல், நல்ல மாஸ்கிங் டேப், புது பிளேடுகள், ஸ்டீல் ஸ்கேல், ஒரு கண்ணாடித் துண்டு, டீக்கால் தாள், டீக்காலை இளக்கும் திரவம், பளபள வார்னிஷ், அரைப்பளபள வார்னிஷ், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், மென்மையான டூத்பிரஷ், 1500-க்கு மேற்பட்ட உப்புத்தாள், கையுறை, மூச்சுக்கவசம்.

பெயிண்ட் எல்லாவற்றையும் முடிந்தவரை ஒரே குடும்பத்தில் வாங்குங்கள். கலக்கத்தான் வேண்டும் என்றால் ஒரு விதி: கடுமையான கரைப்பான் உள்ளது கீழே, மென்மையானது மேலே. லேக்கர் மேல் அக்ரிலிக் நிற்கும். எனாமல் மேல் லேக்கர் அடித்தால் கீழ்ப்பூச்சு சுருங்கி எழும்பும்; அதற்கு மருந்து இல்லை, மறுபடி உரிக்க வேண்டியதுதான்.

கூடவே ஒரு கட்டு பிளாஸ்டிக் ஸ்பூன். ஒவ்வொரு பூச்சையும் எஞ்சினில் அடிக்கும் முன் ஸ்பூனின் முதுகில் அடித்துப் பாருங்கள். அந்த ஸ்பூனைப் பகல் வெளிச்சத்திலும் லேஅவுட் விளக்கின் கீழும் படத்தோடு ஒப்பிடுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் சரியாக இருக்கும் ஆரஞ்சு, மஞ்சள் எல்.ஈ.டி. விளக்கில் பூசணி நிறமாகிவிடும். மாடல் எங்கே ஓடுமோ அந்த விளக்கில் சரியாகத் தெரிய வேண்டும்.

6. பிரித்தெடுத்தல்

தொடங்கும் முன் நாலு பக்கமும் படம் எடுங்கள். அடியில் உள்ள திருகுகளை எடுத்து உடலை நேராக மேலே தூக்குங்கள். விளக்கு ஒயர்கள் உள்ளே இழுத்துக்கொண்டிருக்கலாம், சட்டென்று பிடுங்க வேண்டாம். மோட்டாரும் சர்க்யூட்டும் உள்ள அடிப்பகுதியை ஒரு டப்பாவில் மூடிவைத்து ஒதுக்குங்கள். ஏர்பிரஷ் தூசி மோட்டாருக்குள் போகக் கூடாது.

கண்ணாடிகளை எல்லாம் கழற்றியாக வேண்டும். ஆல்கஹால் பட்டால் தெளிவான பிளாஸ்டிக் வெடிப்பு விடும், பனிமூட்டம்போல் ஆகும். கைப்பிடிக் கம்பிகளில் எளிதாக வருவதை மட்டும் கழற்றுங்கள். பிசினில் இறுகியிருப்பதை நோண்டி எடுத்தால் துளையே பெரிதாகிவிடும். கழற்றிய ஒவ்வொன்றையும் இடம், வலம், முன், பின் என்று எழுதிய டேப்பில் வரிசையாக ஒட்டுங்கள். 141-இன் இரு முனையும் ஒரே மாதிரி தெரியும், ஆனால் பாகங்கள் எப்போதும் மாற்றிப் பொருந்துவதில்லை.

7. பழைய பூச்சை எடுப்பது

முதலில் உடலின் உட்பக்கத்தில் ஒரு துளி ஆல்கஹால் விட்டு அரைமணி நேரம் பாருங்கள். பிளாஸ்டிக் பிசுபிசுத்தால் அந்தத் திரவம் வேண்டாம். ஒன்றும் ஆகவில்லை என்றால் மூடியுள்ள டப்பாவில் உடல் மூழ்கும் அளவு ஊற்றி ஊறவிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எடுத்து டூத்பிரஷால் தேய்த்துப் பாருங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், அடுப்பு பக்கத்தில் இருக்கக் கூடாது. ஆல்கஹாலின் ஆவி கண்ணுக்குத் தெரியாது, தீ பிடித்தால்தான் தெரியும்.

ஒவ்வொரு புள்ளியும் போக வேண்டிய அவசியமில்லை. நமக்கு வேண்டியது பழைய வண்ணங்களின் விளிம்பு, அதாவது ஆரஞ்சும் கருப்பும் சேர்ந்த இடத்தின் சிறு மேடு, போவதுதான். அது நின்றுவிட்டால் புதுப் பூச்சின் அடியில் கோடாகத் தெரியும். மூலைகளில் மிச்சம் இருக்கும் நிறத்தைச் சுரண்டப் போய் கதவுக் கீல்களைச் சீவிவிடாதீர்கள்.

பானட்டின் பக்கத்தில் வரிசையாக வரும் கதவுகளும் கிரில்களும்தான் இந்த மாடலின் அழகு. பிரஷ்ஷை அங்கே குறுக்கே ஓட்டாமல் மேலிருந்து கீழாகத் தேய்த்தால் கம்பிக் குழிகளில் இருந்து பூச்சு வெளியே வரும்.

8. கழுவுதல், பிரைமர்

பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, தூசி படாத இடத்தில் ஒரு நாள் காயவிடுங்கள். இதற்குமேல் கையுறை இல்லாமல் தொடக் கூடாது. விரலின் எண்ணெய்ப்பசை பட்ட இடத்தில் பெயிண்ட் பிடிக்காது. இரண்டு வாரம் கழித்து மாஸ்கிங் டேப்போடு சேர்ந்து கையில் வரும்.

பிரைமர் ஏன் வெளிர் நிறம்? ஆரஞ்சு நிறமி அடியில் இருப்பதை மறைக்காது. அடர் சாம்பல் பிரைமர் மேல் அடித்த ஆரஞ்சு அழுக்கு பிரவுனாகத் தெரியும், அதைச் சரிசெய்ய மேலும் மேலும் அடித்துக் கிரில்களை அடைத்துவிடுவார்கள். வெள்ளை அல்லது வெளிர் சாம்பல் போதும், மெல்லியதாக இரண்டு தடவை. காய்ந்ததும் டார்ச் வெளிச்சத்தைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். தூசி, முடி, கீறல் எல்லாம் இப்போதுதான் தெரியும்; உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து இழையுங்கள்.

9. ஆரஞ்சு முதலில்

வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் பிறகு. கருப்பை ஆரஞ்சு மேல் அடித்தால் ஒரே பூச்சில் மூடும். மாற்றிச் செய்தால் கருப்பை மறைக்க ஆரஞ்சை ஐந்தாறு தடவை அடிக்க வேண்டிவரும், விளிம்பில் படிக்கட்டுபோல் தடிப்பு நிற்கும்.

பெயிண்டைப் பால் பதத்துக்குக் கரைத்து, 15 முதல் 20 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில், 10 செ.மீ. தூரத்தில் இருந்து அடியுங்கள். முதலில் மூலைகள், கம்பிகளின் பின்புறம், கேபின் கதவின் உள்மடிப்பு, அப்புறம் விரிந்த பக்கங்கள். பக்கங்களை முதலில் அடித்துவிட்டால், மூலைக்குப் போகும்போது பக்கங்களில் இரட்டைப் பூச்சு ஏறிவிடும். கை மாடலுக்கு வெளியே தொடங்கி வெளியே முடிய வேண்டும். மாடலின் மேல் நிறுத்தினால் அங்கே துளி தேங்கும்.

முதல் பூச்சில் திட்டுத் திட்டாகத் தெரியும். தெரியட்டும். மூன்று மெல்லிய பூச்சு, ஒவ்வொன்றுக்கும் இடையில் தொட்டால் ஒட்டாத அளவு காய வேண்டும். முடிந்ததும் அக்ரிலிக் என்றால் ஒரு முழு நாள், எனாமல் என்றால் சில நாட்கள் விட்டுவிடுங்கள். மூக்கருகே வைத்து முகர்ந்தால் பெயிண்ட் வாசனை வருகிறதா? இன்னும் காயவில்லை.

10. மாஸ்கிங்கும் கருப்பும்

முழு வேலையிலும் நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். பூசுவதற்குப் பத்து நிமிடம், மறைப்பதற்கு ஒரு மாலைப்பொழுது என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

டேப்பை உருளையிலிருந்து எடுத்து அப்படியே ஒட்டாதீர்கள். அதன் ஓரத்தில் தூசியும் நாரும் சேர்ந்திருக்கும். கண்ணாடித் துண்டின் மேல் ஒட்டி, ஸ்கேல் வைத்துப் புது பிளேடால் ஓரத்தை வெட்டி, அந்தப் புது ஓரத்தைப் பயன்படுத்துங்கள். 2 மி.மீ. அகல மெல்லிய நாடாவை முதலில் கோட்டின் வழியே ஒட்டி, அதன் பின்னால் அகலமான டேப்பும் தாளும்.

கோடு எங்கே வர வேண்டும் என்பதைக் கண்ணால் முடிவு செய்ய வேண்டாம். உடலின் அடிவிளிம்பிலிருந்து டிவைடரால் அளந்து, ஒவ்வொரு கேபினிலும் பானட்டின் நடுவிலும் பென்சில் புள்ளி வையுங்கள். படத்தில் பட்டையின் விளிம்பு எந்தக் கதவுக் கீலுக்கு நேராக வருகிறது, கேபின் ஜன்னலுக்கு எவ்வளவு கீழே வருகிறது என்று பாருங்கள். அந்த அடையாளங்கள்தான் நம்பகமானவை. கேபின் பக்கமும் பானட் பக்கமும் ஒரே தளத்தில் இல்லை என்பதை மறக்காதீர்கள். பானட் உள்ளே தள்ளி இருப்பதால், ஒரே நாடாவை இழுத்து ஒட்டினால் நடைபாதை தொடங்கும் இடத்தில் அந்தரத்தில் நிற்கும். கேபினுக்குத் தனி, பானட்டுக்குத் தனி.

கீல்கள், கதவு விளிம்புகள், கம்பியின் அடி ஆகியவற்றில் டேப் முழுதாக அமராது. மரப் பல்குத்தியின் மழுங்கிய முனையால் ஒவ்வொரு மேட்டின் இரு பக்கமும் அழுத்துங்கள். அடுத்ததுதான் பலரும் விட்டுவிடும் படி: டேப்பின் ஓரத்தில் மறுபடி அதே ஆரஞ்சை ஒரு மெல்லிய பூச்சு அடியுங்கள். இடுக்கில் கசிவது இருந்தால் ஆரஞ்சு மேல் ஆரஞ்சாகவே கசிந்து அடைத்துவிடும். அது காய்ந்தபின் அடிக்கும் கருப்பு உள்ளே போக வழி இருக்காது.

சுத்தக் கருப்பை அப்படியே அடிக்க வேண்டாம். சிறிய அளவில் அது ஒரு குழிபோல் எல்லா விவரத்தையும் விழுங்கிவிடும். கருப்பில் கொஞ்சம் அடர் சாம்பல் கலந்தால் கிரில்லும் கீலும் தெரியும், பார்வைக்குக் கருப்பாகவே இருக்கும். ஏர்பிரஷை டேப்பின் மேலிருந்து கருப்புப் பகுதியை நோக்கி அடியுங்கள். டேப்பின் அடியை நோக்கி அடித்தால் காற்றே பெயிண்டை உள்ளே தள்ளும்.

கருப்பு முழுதாக இறுகும் முன், தொட்டால் ஒட்டாத நிலையில், டேப்பை எடுங்கள். மேலே தூக்காமல், டேப்பை அதன்மேலேயே மடித்து மெதுவாக இழுக்க வேண்டும். எங்காவது கசிந்திருந்தால் அப்போதே ஆரஞ்சைத் தொட்டுச் சரிசெய்யக் கை துடிக்கும். மறுநாள் வரை பொறுங்கள்.

11. பளபள வார்னிஷ், வெள்ளைக் கோடு, எண்

டீக்கால் ஒட்டும் முன் பளபள வார்னிஷ் கட்டாயம். மங்கலான பூச்சு நுணுக்கிப் பார்த்தால் சொரசொரப்பு. அதன் மேல் டீக்கால் உட்கார்ந்தால் அடியில் காற்று தங்கி, எண்ணைச் சுற்றி வெள்ளி நிறத்தில் ஓர் ஓரம் மினுங்கும். பிறகு எந்த வார்னிஷ் அடித்தாலும் அது போகாது.

1987-க்குப் பிந்தைய எஞ்சின் என்றால் வெள்ளைக் கோட்டைப் பெயிண்டால் போடாதீர்கள், டீக்கால் கோட்டால் போடுங்கள். ஆரஞ்சும் கருப்பும் சேரும் இடத்தில் இருக்கும் சிறு தள்ளாட்டத்தையும் அது மூடிவிடும். அந்த வகையில் புதியவருக்கு டிப்பெக்ஸ் வண்ணம் சூப்பர்டிரெயினைவிட எளிது. அகலம் கணக்கிட, உண்மையில் 3 அங்குலம் இருந்தால் மாடலில் 1 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் கோட்டை கேபின் கதவின் அகலத்தோடு ஒப்பிட்டால் விகிதம் கிடைத்துவிடும்.

நீளக் கோட்டை முழுதாக ஒட்ட முயன்றால் நெளியும். கதவு விளிம்பு, கேபின் மூலை போன்ற இயல்பான இடைவெளிகளில் வெட்டித் துண்டாக ஒட்டுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிடம் ஊறட்டும். மாடலில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து அதன் மேல் தாளிலிருந்து நழுவவிட்டு, ஈரத் தூரிகையால் இடம் சேருங்கள். ஓரத்திலிருந்து டிஷ்யூவால் தண்ணீரை உறிஞ்சி, இளக்கும் திரவம் ஒரு தொடுதல். அது சுருங்கிக் கோரமாகத் தெரியும், கை வைக்காதீர்கள். காய்ந்ததும் கீலின் மேல் படிந்து அமர்ந்துவிடும்.

வரிசை: கோடுகள், பின் எண்கள், கடைசியில் சின்னம். கோடு இருந்தால்தான் எண்ணின் உயரத்தை எதிலிருந்து அளப்பது என்று தெரியும். நாலு பக்க எண்ணையும் ஒரே நாளில் ஒட்ட வேண்டாம். ஒரு பக்கம் காயும்போது மறுபக்கத்தைக் கையால் பிடிக்கும் நிலை வரும்.

12. கடைசி வார்னிஷும் அழுக்கும்

அரைப்பளபள அக்ரிலிக் வார்னிஷ் ஒரு மெல்லிய பூச்சு. எண்ணெய் வகை வார்னிஷ் நாளடைவில் மஞ்சளாகி வெள்ளைக் கோட்டைக் கெடுக்கும்.

அழுக்கு இல்லாத எஞ்சின் பொம்மைபோல் இருக்கும், அளவுக்கு மீறினால் குப்பைமேட்டில் கிடந்ததுபோல் ஆகிவிடும். படத்தைப் பார்த்து மட்டும் செய்யுங்கள். கரைத்த எனாமல் பிரவுனைப் பூசிவிட்டு, சில நிமிடம் கழித்துத் தின்னர் தொட்ட தூரிகையால் மேலிருந்து கீழாக மட்டும் துடையுங்கள்; மழை அப்படித்தான் வழியும், அயர்லாந்தில் மழைக்குப் பஞ்சமில்லை. எனாமல் ஏன் என்றால், அதன் தின்னர் காய்ந்த அக்ரிலிக் வார்னிஷைக் கரைக்காது. பிடிக்கவில்லை என்றால் முழுதும் துடைத்துவிட்டு மறுபடி தொடங்கலாம்.

புகைபோக்கியைச் சுற்றிக் கரி, போகியில் பிரேக்கின் துருநிறத் தூசி, எரிபொருள் ஊற்றும் வாயின் கீழ் ஒரு பளபளப்பான வழிசல், கேபின் படியில் காலணி தேய்த்த இடம். இந்த நாலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

13. பூட்டி, பின்னால் மாட்டுவது

கண்ணாடி பொருத்தும்போது சூப்பர் குளூ வேண்டாம், அதன் ஆவி கண்ணாடியை வெளுக்கச் செய்யும். வெள்ளைப் பசை போதும். உடலைப் பூட்டும் முன் அடிப்பகுதியைத் தனியாக ஓட்டிப் பாருங்கள்.

எஞ்சின் சரியாக வந்தபின் ரயிலில் கோட்டைவிடுபவர்கள் உண்டு. 141-இல் பெட்டிகளைச் சூடேற்றும் பாய்லர் கிடையாது. எனவே பழைய பயணிகள் ரயிலில், 1963 முதல் வந்த கிரேவன்ஸ் பெட்டிகளோடு, நீராவி தரும் ஒரு வேன் போகும். 'டின் வேன்' என்று அழைக்கப்படும் நாலு சக்கர வேன்கள் அதற்குப் பேர்போனவை. 1972-இன் குளிர்சாதனப் பெட்டிகளுக்கு மின்சாரம் தர ஜெனரேட்டர் வேன் வேண்டும். நாலு பெட்டி மட்டும் மாட்டி வேன் இல்லாமல் ஓடவிட்டால், தெரிந்தவர் முதலில் கேட்பது அதைத்தான்.

சரக்கு என்றால் தேர்வு சுலபம். சிமெண்ட் ஏற்றும் 'பபிள்' வேகன்கள் 1964 முதல். நாவனில் இருந்து டப்ளின் துறைமுகத்துக்குப் போகும் டாரா சுரங்கத் தாது ரயில் 1977 முதல். இலையுதிர் காலத்தில் வெக்ஸ்ஃபோர்ட் பக்கத்துச் சர்க்கரை பீட் ரயில், அது 2006 வரைதான்.

'பேபி ஜி.எம்.' என்று செல்லமாக அழைக்கப்படும் 121, 141, 181 வகைகள் பெரும்பாலும் ஜோடியாக ஓடின. நீங்களும் இரண்டை இணைப்பதாக இருந்தால், ஒன்றை மற்றதைவிட அழுக்காக வையுங்கள். இணைக்கும் முன் இரண்டையும் தனித்தனியாக ஒரே பாதையில், ஒரே கன்ட்ரோலர் அளவில் ஓட்டி வேகத்தைப் பாருங்கள். ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டு போகும் அளவு வித்தியாசம் இருந்தால், டிகோடரில் (மாடலுக்குள் இருக்கும் டிஜிட்டல் கட்டுப்பாட்டுச் சிப்பில்) வேக அளவைச் சமன் செய்த பிறகே கொக்கியை மாட்டுங்கள். இல்லையென்றால் புதுப் பூச்சு பூசிய சக்கரச் சட்டத்துக்குள் பல்சக்கரம்தான் முதலில் தேயும்.